மிதுனா என்று எழுதிய குழாய்

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். வேதியியலில் ஆய்வு செய்கிறவள், ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தும் ராகு காலம் பார்க்காமல் பஸ் ஏறுகிறவள். நீங்கள் சிரிக்கலாம், தவறில்லை. தூக்கம் கெட்டவளுக்கு எதுவும் தோன்றும் என்று என் கணவரே சொல்லிவிட்டார், நானும் மூன்றரை வருடமாக எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜனின் தாக்குதலால் நம் செல்களில் உள்ள டி.என்.ஏ. சேதமடையும், அப்போது உடைந்த துணுக்குகள் சிறுநீரில் வரும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு குட்டி டி.என்.ஏ. இழையை நாங்கள் வடிவமைத்தோம். ஒரு நுனியில் ஒளிரும் சாயம், மறு நுனியில் அந்த ஒளியை விழுங்கும் சாயம். இழை மடங்கிக் கிடக்கும்வரை இருட்டு, சேதத்தின் துணுக்கு வந்து ஒட்டினால் இழை விரிந்து பச்சையாக ஒளிரும். அப்படித்தான் ஒளிர வேண்டும், ஆனால் எட்டு மாதமாக ஒழுங்காக ஒளிரவே இல்லை.

அன்று மிதுனாவுக்கு ஒன்றரை வயது. காலையிலிருந்தே காய்ச்சல். அன்றைக்குத்தான் கல்லூரியில் ஒளியை அளக்கும் மெஷினில் எனக்கு முறை, விட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். "நான் வீட்லதானே வேலை பாக்குறேன், போயிட்டு வா" என்றார் கணவர். காய்ச்சல் மருந்து பாட்டிலில் குழந்தையின் பெயரையும் கொடுக்க வேண்டிய நேரத்தையும் எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பினேன். போயிருக்கக் கூடாதோ என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வெற்றுக் குழாய் ஒன்று தயாரித்தேன். எங்கள் இழையும் சுத்தமான தண்ணீரும் மட்டும், அது ஒளிரவே கூடாது. தண்ணீர் ஆவியாகிறதா என்று பார்க்க, வழக்கம்போல மட்டத்தில் பேனாவால் ஒரு கோடும் போட்டேன். எல்லாவற்றையும் மெஷினில் வைத்த பிறகுதான் ஸ்டெல்லா பார்த்தாள், என் ஜூனியர். மற்ற குழாய்களில் எண்கள் இருந்தன, வெற்றுக் குழாயில் என்னை அறியாமலே "மிதுனா" என்று எழுதியிருந்தேன்.

"என்னக்கா, பாப்பாவையும் சாம்பிள் ஆக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

அந்தக் குழாய்தான் ஒளிர ஆரம்பித்தது. நம்பினால் நம்புங்கள், திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது. கை உறையை மாற்றிக்கொண்டு அதே தண்ணீரில் இன்னொன்று தயாரித்தேன், அதில் எண்ணைத்தான் எழுதினேன். அது இருட்டாகவே கிடந்தது. ஏதோ அசுத்தம் கலந்திருக்கும் என்று நினைக்கும்போதே கணவரின் போன். "நூத்தி மூணுக்குப் போயிடுச்சு, வித்யா. வந்துடுறியா?"

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது ஸ்டெல்லா அழைத்தாள். "அக்கா, மெஷின் அடுத்தவங்களுக்கு வேணுமாம். உங்க டியூபை எல்லாம் ஐஸ்ல வச்சிட்டேன்." டி.என்.ஏ. குழாய்களை ஐஸில் வைப்பதுதான் முறை. நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அப்போது மணி மூன்று நாற்பது.

வீட்டில் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "அனலா கொதிச்சுட்டு இருந்தா. ஒரு மூணே முக்கால் இருக்கும், திடீர்னு கை கால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. ஐஸ்ல வச்ச மாதிரி. கண்ணே தொறக்க மாட்டேங்கிறா."

நான் செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கம். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "பேர் எழுதின டியூபை வெளிய எடு. கையில மூடிப் பிடிச்சுக்கோ."

"எதுக்குக்கா?"

"கேக்காத. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. வைக்காத."

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போகும் வழியிலேயே மிதுனாவின் உள்ளங்கை சூடேறியது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகளுக்குக் கை கால் அப்படி ஜில்லிடும் என்றார் டாக்டர். இருக்கலாம். அவர் படித்தவர், நானும்தான்.

அந்தக் குழாயை என்னால் குப்பையில் போட முடியவில்லை, ஃப்ரீசரில் வைக்கவும் முடியவில்லை. மறுநாள் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அலுமினியத் தாளில் சுற்றி, பஞ்சு வைத்த டப்பாவில், பீரோவில் அவள் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. திரும்ப மெஷினில் வைத்துப் பார்க்கவில்லை. ஒளிர்ந்தாலும் பயம், ஒளிராவிட்டாலும் பயம்.

போன மாதம் தாள் கிழிந்திருந்தது என்று மாற்றினேன். மூடியை ஒரு நாளும் திறந்ததில்லை. தண்ணீர் இருந்தால் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அதுதான் நியாயம். கோட்டுக்கு மேலே நிற்கிறது, ஒரு அரிசி உயரம்.

மிதுனாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளைக் கதவோரம் நிறுத்திச் சுவரில் பென்சிலால் உயரத்தைக் குறிப்பேன். இந்த வருடம் அவளே பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். குழாயில் போட்ட கோடுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நாளைக்குப் போடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.