மணற்குவியலில் ஒரு பனிச்சரிவு

பனியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டுமே பார்த்த ஊர் எங்களுடையது. அதுவும் மின்சாரம் வரும் நாட்களில்தான். அப்பேர்ப்பட்ட யங்கோனில், பனிச்சரிவில் உயிர் பிழைப்பது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய காலம். நகரின் கியாக்டடா வட்டாரத்தில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் நான் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் பார்த்து வந்தேன். வடக்கு எல்லை மலைகளில் பனிச்சறுக்கு விட வெள்ளைக்காரர்கள் துடிக்கிறார்கள் என்று யாரோ முதலாளியின் காதில் ஓதிவிட்டார்கள். துணைக்குப் போக, தன்னைப் பர்மிய மரியாதையில் 'சயா, சயா' என்று அழைக்கும் என் தம்பியைத் தேர்ந்தெடுத்தார். தகுதி? குளிர் தாங்குவானாம். ஏசி பஸ்ஸில் மாண்டலே போய் வந்தவன் அல்லவா!

ஐரோப்பாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் மூன்று கருவிகளைக் காட்டினார். அவை ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். ஒருவர் பனியில் புதைந்தால், மற்றவர்களின் கருவி 'பீப்' என்று ஒலித்து இடத்தைக் காட்டும். உடனே தோண்டாவிட்டால் ஆள் காலி. புறப்படும்முன் ஒவ்வொருவராக நடந்து, எல்லாருடையதும் ஒலிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதையெல்லாம் நான் பர்மிய மொழியில் சொல்லச் சொல்ல, தம்பி பயபக்தியோடு தலையாட்டினான். கருவிகளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறினார்.

முதலாளி அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்போது ராணுவ ஆட்சி; ஃபேக்ஸ் மெஷினுக்கே அனுமதி வேண்டும். சமிக்ஞை அனுப்புவதை நெஞ்சில் கட்டிக்கொண்டு எல்லைப் பக்கம் போனால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

ஆனால் பயிற்சி நிற்கலாமா? அலோன் படகுத்துறையில் ஆற்று மணலைக் குவித்திருந்தார்கள். தம்பியின் நெஞ்சில் ஒரு சோப்புப் பெட்டியைக் கட்டி, அந்த மணலில் கழுத்துவரை புதைத்தார்கள். முதலாளி கண்ணைக் கட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, மூங்கில் கழியோடு தேடினார். ஒலி? தம்பியே வாயால் "பீப், பீப்" என்றான். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்த்தார்கள். கண்டுபிடித்ததும் கைதட்டினார்கள்.

புறப்படும் நாள் காலையில் இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தக் கருவிகளோடு வந்தார்கள். அலுவலகக் கூடத்திலேயே சோதனை. ஒருவர் நின்று கேட்க, மற்றவர் நடந்தார். பீப். அடுத்து தம்பி. சட்டைக்குள் சோப்புப் பெட்டி. நடந்துகொண்டே, முகத்தில் சலனமே இல்லாமல், வாயால் "பீப்" என்றான் பாவி.

வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அவனை ஓரமாக இழுத்தேன்.

"ஏண்டா, வாயில மண்ணு விழுந்தா எப்படிடா கத்துவே?"

"சும்மா இரு, அக்கா," என்று பல்லைக் கடித்தான். "விருந்தாளி முன்னாடி சயாவுக்கு அவமானமாயிடும். ஆனாடெயா இருக்கு."

ஆனாடெ! அடுத்தவர் மனம் நோகுமே என்று தன் வாயைப் பூட்டிக்கொள்ளும் பர்மிய நாகரிகம். தமிழ் மறந்தாலும் மறப்பான், அதை மட்டும் மறக்க மாட்டான். நானோ அந்த நாகரிகம் படியாதவள். "அவன் கட்டியிருப்பது சோப்புப் பெட்டி," என்று ஆங்கிலத்தில் போட்டு உடைத்தேன்.

உண்மையான கருவி இல்லாமல் அவனை அழைத்துப் போக மாட்டோம் என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அலமாரி திறந்தது. முதலாளி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பார்க்கட்டுமே! தம்பி நெஞ்சில் அந்தக் கருவி ஏறியதும் எனக்கு உயிர் வந்தது.

நல்லபடியாகத் திரும்பி வந்தான். மூக்குத் தோல் மட்டும் உரிந்திருந்தது. சோறு போட்டுக்கொண்டே பெருமையாகக் கேட்டேன்.

"கருவி நல்லா வேலை செஞ்சுச்சாடா?"

"காலையில சோதிக்கிறப்ப போடுவேன்க்கா," என்றான் வாய் நிறைய. "அப்புறம் அணைச்சிடுவேன். வழியில எங்கேயாவது பிடிச்சிட்டா, பாவம், சயாதானே ஜெயிலுக்குப் போவாரு?"