ஐந்தரை முதல் ஏழரை வரை

என் தங்கை ஐரின் பதினோரு வருஷம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தாள். கொரோனாவுக்குப் பிறகு பள்ளி அவளைப் பாதி நாள் வந்தால் போதும் என்றது; அப்புறம் வரவே வேண்டாம் என்றது. வீட்டில் டியூஷன் எடுப்பாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவள் ட்ரோன் ஓட்டும் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். அந்த வகுப்பில் பெண் அவள் ஒருத்திதான். நாற்பதைத் தொட்டவளும் அவள்தான். உரிமம் கிடைத்ததும் மகளிர் குழு மூலமாக மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றையும் வாங்கிவிட்டாள். அது யார் தலையிலாவது விழுந்தால் என்ன செய்வாய் என்று கத்தாரில் இருந்து போன் போட்டுக் கேட்டேன்.

"விழாம ஓட்டுறதுக்குத்தாண்ணே லைசென்சு" என்றாள்.

இரண்டு வருஷம் அவளுக்கு நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில்தான் வேலை. மா பூக்கும்போது தத்துப்பூச்சி வந்து பூவின் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் பிசின் இலையெல்லாம் வழியும்; அந்தப் பிசினில் கரும்பூசணம் படரும். ஒரு வாரம் விட்டால் பூ கருகிக் கொட்டிவிடும். முப்பதடி மரத்தின் உச்சிக்குக் கைத்தெளிப்பான் எட்டாது, அண்ணாந்து அடித்தால் மருந்து முகத்தில் விழும் என்று ஆட்களும் வருவதில்லை. ஐரினின் ட்ரோன் மேலே இருந்து அடித்தது. அதையும் விடியற்காலையில் மட்டுமே அடிப்பாள். வெயில் ஏறினால் தேனீயும் ஈயும் பூவுக்கு வந்துவிடும். அவை செத்தால் பூ இருந்தும் காய் பிடிக்காது. இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன மார்கழியில் அந்தத் தோப்புகளின் மேல் சிவப்பு விழுந்தது. ட்ரோன் ஓட்டுகிறவர்கள் பறக்கும் முன் பார்க்க வேண்டிய வரைபடம் ஒன்று உண்டு. அதில் சிவப்பு என்றால் அனுமதி இல்லாமல் ஓர் அடி எழும்பக் கூடாது. மலைக்கு அந்தப் புறம் ராணுவத்தின் சுடுபயிற்சி நிலம். அதைச் சுற்றிய வான்வெளி இனி அவர்கள் கையில். பெருமாயியின் நாலு ஏக்கர் தோப்பு முழுக்க உள்ளே போய்விட்டது. புருஷன் போன பிறகு அந்தத் தோப்பை வைத்துத்தான் பெருமாயியின் வருஷம் ஓடுகிறது. ஐரின் விஷயத்தைச் சொன்னபோது அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஆகாசத்துக்குமா டீச்சர் பட்டா போட்டுக்கிட்டாக?"

தை பிறந்ததும் நான் ஒரு மாத விடுப்பில் வந்தேன். தோப்பு பூத்து நின்றது. பூச்சியும் இறங்கிவிட்டது. அனுமதி வாங்கும் அலைச்சலில் நானும் கூடப் போனேன், அவள் தனியாக மாட்டிக்கொள்வாளோ என்ற பயத்தில்.

ராணுவத்தின் அலுவலகம் மின்னஞ்சலில் உடனே பதில் சொன்னது: வருவாய்த்துறையின் தடையின்மைக் கடிதம் வேண்டும். வருவாய்த்துறையில், காவல் நிலையக் கடிதம் இல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். காவல் நிலையத்தில், ராணுவம் சரி என்று எழுதித் தந்தால் நாங்கள் ஏன் மறுக்கிறோம் என்றார்கள். வட்டம் அங்கே மூடிக்கொண்டது. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் நாக்கில் விரலைத் தொட்டு அவளுடைய மனுவைப் புரட்டினார். எட்டு நாளில் அந்தத் தாள்களின் மூலை எல்லாருடைய எச்சிலிலும் ஊறி, வெற்றிலைச் சிவப்பும் ஏறி, ஈரத்துணி போல மடிந்து கிடந்தது. அதை வாங்க நான் கையை நீட்டவில்லை. ஐரின் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வருவாய் அதிகாரி, ட்ரோனை நேரில் பார்க்க வேண்டும் என்றார். லிஃப்ட் ஓடவில்லை. அண்ணனும் தங்கையுமாக இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போனோம். அவர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஊழியர்களும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தன் மகள் சடங்குக்கு மேலே இருந்து பன்னீர் தெளிக்க வருமா என்று விசாரித்தார்.

"இது மருந்துத் தொட்டி சார். பன்னீர் ஊத்துனாலும் வெஷந்தான் வரும்" என்றாள் ஐரின்.

அதே வாரம் அதே சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கட்சிக்காரரின் பிறந்த நாள். வீடியோ எடுக்கிற ட்ரோன் ஒன்று மாலைகளுக்கு மேலே ரீங்காரமிட்டது. பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் அதைப் பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டார்கள். இதற்கு அனுமதி உண்டா என்று ஒருவரிடம் கேட்டேன். அது சும்மா கல்யாண ட்ரோன் சார் என்றார்.

ஒன்பதாம் நாள் ஐரின் தோப்பில் இருந்து ஒரு பூங்கொத்தை ஒடித்து, நெகிழிப் பையில் போட்டு எடுத்து வந்தாள். அதிகாரியின் மேசைமேல் பையைக் கவிழ்த்தாள். தத்துப்பூச்சிகள் நாலா பக்கமும் தெறித்தன. அவருடைய வெள்ளைச் சட்டையிலும், தேநீரிலும், காதிலும். கருத்த பிசின் கோப்புகளில் அப்பியது. அவர் ஒரு தாளை எடுத்தால் கூடவே நாலு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது அசிங்கம்?"

"இதுதான் சார் மனு" என்றாள் அவள்.

அவளை வெளியே அனுப்புவதற்காகவே அவர் கையெழுத்துப் போட்டார். அதைக் காட்டியதும் காவல் நிலையம் போட்டது. மீதியெல்லாம் தானாக நகர்ந்தது.

ராணுவத்துக்கான விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான் பூர்த்தி செய்தேன். அவளுக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் இரண்டு மொழியிலும் படித்து வெளிநாட்டில் கடிதம் எழுதிப் பிழைக்கிறவன் நான் இருக்கும்போது அவள் ஏன் எழுத வேண்டும் என்று நான்தான் பிடுங்கிக்கொண்டேன். பறக்கும் நேரம் என்ற கட்டத்தில் ஐந்தரை முதல் ஏழரை வரை என்று போட்டேன். எட்டு பேர் கையெழுத்திட்டார்கள். வெள்ளிக்கிழமை அனுமதி வந்தது: சனிக்கிழமை ஒரு நாள், 0530 முதல் 0730.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தோப்பில் இருந்தோம். பெருமாயி டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட காவலர் பைக்கிலேயே சாய்ந்து கண்ணசந்திருந்தார். மருந்து கலக்கத் தயாராக இருந்தது. எழும்புமுன் ஓர் எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் அழைத்தேன்.

எதிர்முனையில் ஓர் இளம் அதிகாரி. மரியாதையான குரல். உங்கள் நேரம் இன்னும் வரவில்லையே என்றார். மணி ஐந்தரை என்றேன். கட்டத்தின் தலைப்பைப் பாருங்கள், அது கிரீன்விச் நேரம், நம் கணக்கில் பதினொன்று முதல் ஒன்று வரை என்றார். கட்டத்தின் மேல் GMT என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தும் இருந்தேன். தினமும் கத்தாருக்கும் திண்டுக்கல்லுக்கும் இரண்டரை மணி நேரம் கூட்டிக் கழித்து வீட்டுக்குப் பேசுகிறவன். மாற்றித் தர முடியுமா என்று கெஞ்சினேன். புது விண்ணப்பம் போட வேண்டும், குறைந்தது பத்து வேலைநாள் என்றார். பதினொன்றுக்குப் பறந்தால் என்ன என்று கேட்டார். தேனீக்கள் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு வாரத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன ஒரே அரசு ஆள் அவர்தான்.

காவலர் விழித்துக்கொண்டார். "ஏத்திவிடுங்க டீச்சர், செத்த நேரந்தான. யாரு பாக்கப் போறா?"

ஐரின் மருந்துப் புட்டியின் மூடியை இறுக்கி மூடினாள். "பாத்துட்டா லைசென்சு போகும் சார். அப்புறம் அடுத்த வருசமும் இந்த மரத்துக்கு நாதியில்ல."

பெருமாயி, மதியம் மட்டும் அடிக்காதே என்று ஐரினிடம் சொல்லிவிட்டு, டிரம்மை மூடப் போனாள்.

பத்தே முக்காலுக்கு இரண்டு ஜீப் வந்தன. வருவாய் அதிகாரி, ஊழியர்கள், கையில் பொக்கே, உள்ளூர் நிருபர் ஒருவர். பதினொன்றுக்குத்தான் பறப்பு என்று ராணுவத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: விடியற்காலை வரவேண்டும் என்று இவர்களில் ஒருவரும் நினைத்திருக்கவே இல்லை. என் பிழை அவர்களுக்குத் தோதாக அமைந்துவிட்டது. அனுமதியைப் பயன்படுத்தாவிட்டால் அடுத்த மனுவில் விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஐரின் ட்ரோனை எழுப்பினாள். பூவெல்லாம் தேனீ இரைந்துகொண்டிருக்க, அது மரங்களுக்கு வெகு மேலே ஒரு சுற்றுப் போனது. எல்லாரும் போனைத் தூக்கினார்கள்.

"ஒண்ணும் தெளிக்கலையேம்மா? போட்டோவுக்குத் தண்ணியாச்சும் விடக்கூடாதா?" என்றார் அதிகாரி.

"தண்ணி பட்டாலும் மகரந்தம் போயிரும் சார். வெறுந் தொட்டிதான். நீங்க பறக்கத்தான அனுமதி குடுத்தீங்க."

அவருக்கு அதில் ஒன்றும் தைக்கவில்லை. பொக்கேயை அவள் கையில் திணித்து, நிருபருக்கு முகம் காட்டினார். மறுநாள் செய்தி வந்தது, மாந்தோப்பில் ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பு என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐரின் பூசைக்குப் போகவில்லை. விடிவதற்குள் பெருமாயி கால்மிதித் தெளிப்பானை மிதிக்க, அவள் கண்ணாடியும் முகத்துணியும் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தாள். வெயில் ஏறும்வரை நானும் மாற்றி மிதித்தேன். எட்டிய மட்டும் அடித்தார்கள். புது விண்ணப்பத்தில் நேரத்தை நாலு தரம் சரிபார்த்து அனுப்பிவிட்டு விமானம் ஏறினேன். அனுமதி பதினெட்டாம் நாள் வந்தது. அப்போது மேலே பூ இல்லை.

சித்திரையில் ஐரின் ஒரு படம் அனுப்பினாள். பெருமாயியின் மரம். பன்னிரண்டடி வரைக்கும் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அதற்கு மேல் கறுத்த இலை மட்டும். வெள்ளம் வந்து நின்ற சுவர் மாதிரி, கோடு போட்டது போல இருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: அடுத்த வருசத்துக்கு இப்பவே மனுப் போடணும்ணே. இந்தத் தடவை நானே எழுதுறேன்.