கவிச்சிப் பை

கலாதேவியைப் பற்றி யாராவது கேட்டால், முதலில் அவள் வீட்டுக் கொடிக்கயிற்றைத்தான் சொல்வேன். மற்ற வீடுகளில் சட்டையும் கைலியும் காயும். இவள் வீட்டில் பிளாஸ்டிக் பைகள் காயும். ரொட்டிப் பை, மாவுப் பை, வாயை அழுத்தி மூடுகிற ஜிப் பை என்று எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, உள்பக்கம் வெளியே வருகிறாற்போல் திருப்பி, கிளிப் மாட்டித் தொங்கும். காற்றடித்தால் சரசரவென்று சத்தம் வேறு. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு மத்தியானத் தூக்கம் போச்சு.

"ஏண்டி, பை வியாபாரமா பண்ற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பின்னால லோங்காங்க எட்டிப் பாருங்க புனிதாக்கா. அதுல கெடக்கறதுல ஒண்ணாச்சும் என் வீட்டுப் பையா? சொல்லுங்கலா!"

ஈப்போவுக்கு வெளியே ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவு வீடுகள் எங்களுடையவை. பின்னால் ஓடும் அந்தச் சாக்கடையில் பைகள் அடைத்துக்கொண்டால், அடுத்த மழைக்குத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிடும். ஒரு தடவை அவள் வீட்டுக்குள் தண்ணீரோடு பாம்பும் வந்தது. அன்றிலிருந்து தன் கையால் ஒரு பையும் குப்பைக்குப் போகாது என்று முடிவு கட்டிவிட்டாள். டவுனில் ஓர் அலுவலகத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. அங்கே இருக்கிற பெண்கள் பழம் தின்றுவிட்டு எறிகிற பைகளையும் வெட்கப்படாமல் பொறுக்கிக்கொண்டு வருவாள். பிடிவாதக்காரி. ஆனால் சுத்தத்தில் அவளைக் குறை சொல்ல எனக்கே வாய் வராது. கவிச்சி வைத்த பைகள் கொடியின் வலது கோடியில், சைவப் பைகள் இடது கோடியில். காய்ந்த பிறகும் தனித்தனி டின்.

போன தைப்பூசத்துக்கு அவள் தங்கை சரளா பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். சரளாவின் புருஷன் தர்மேந்திரனுக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை. தைப்பூசம் முடிந்த வாரத்தில் தேதி கொடுத்திருந்தார்கள். இருதயம் ரொம்பப் பலவீனம், எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சரளாவோ கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவள். அங்கே கேன்டீனில் மீனுக்கும் கீரைக்கும் ஒரே கரண்டி.

"சாப்பாடு நான் சமைச்சுத் தாரேன். நீ விரதத்த மட்டும் பாரு," என்று கலாதேவிதான் முன்வந்தாள்.

விடியுமுன் தலைமுழுகுவாள். புதுச் சட்டி, தனி அடுப்பு. புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கிளறி, ஆறவைத்து, சைவ டின்னிலிருந்து எடுத்த பையில் போட்டு, வேலைக்குப் போகிற வழியில் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். சாப்பிட்ட பையை அலசி மறுநாள் திருப்பித் தந்துவிட வேண்டும். அது அக்காளின் கட்டளை.

கலாதேவியின் வீட்டுக்காரர் பெயர் பத்துமலை. அவருக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. கடலோரத்து ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கிற அவருடைய சொந்தக்காரர் ஜிப் பைகளில் நெத்திலிக் கருவாடு அனுப்பிக்கொண்டே இருப்பார். ஒருநாள் சாயங்காலம் கலாதேவி வேலையிலிருந்து வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து கொடியிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், என்ன தோன்றியதோ, ஓடிவந்து பைகளையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் ஒரே டின்னில் திணித்திருக்கிறார் பாவி. சைவ டின்னில்!

சில நாள் கழித்துக் கலாதேவி என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சரளா திருப்பித் தந்த பையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ஜிப் பட்டையின் மூலையில் என்னவோ ஒட்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நெத்திலித் தலை. அரிசியில் பாதி இருக்கும்.

"கழுவுனேன்க்கா. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனேன். இந்தச் சந்துல எப்படி..." பையை என் மடியில் போட்டாள். "இதுலதான் சோறு தின்னிருக்கா. அவ விரதம் போச்சுக்கா."

"சரளா பாத்தாளா?"

"பாக்கல. பாத்திருந்தா என்னைக் கொன்னுருப்பா."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. அவளே புருஷன நெனச்சுப் பாதி செத்துட்டா. இப்பப் போயி இதச் சொன்னா குடத்த எடுக்கவே மாட்டா."

கோயில் ஐயரிடமும் போய்க் கேட்டாள். தெரியாமல் நடந்ததற்குத் தோஷமில்லை, ஓர் அர்ச்சனை செய்துவிடு என்று அவர் சொன்னாராம். "ஐயருக்குத் தோசமில்ல. சரளாவுக்கு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முருகனுக்கு வேறு வேலையில்லையா, பை பையாகத் திறந்து மோந்து பார்க்க?

ஆனால் அவள் கேட்கவில்லை. அந்தப் பையை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் மூலையைக் குடைந்து, தினமும் கழுவிக்கொண்டிருந்தாள். தூக்கிப் போடவும் மனசில்லை. பத்துமலையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆசையாகச் செய்த மனுஷனை என்ன திட்டுவது என்றாள்.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில் வரைக்கும் சரளா பால்குடத்தோடு நடந்தாள். அக்காள் பக்கத்திலேயே போனாள். எல்லோரும் வேல் வேல் என்று கத்தியபோது கலாதேவியின் வாய் திறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

அந்த வாரம் தர்மேந்திரனை அறுத்தார்கள். அவர் கண் திறக்கவே இல்லை.

உடலை எடுத்து முடித்த பிறகு சரளா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. கலாதேவி எவர்சில்வர் தூக்கில் சோறும் ரசமும் கொண்டுபோவாள், அப்படியே திரும்பி வரும். ஒருநாள் நானும் கூடப் போனேன். சுவரோரமாக உட்கார்ந்திருந்த சரளா, எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாந்தான்க்கா அவரைக் கொன்னேன். கேன்டீன்ல மீன் பொரிச்சாங்க. வாசம் வந்து என் நாக்குல எச்சி ஊறுச்சு. விரதத்துல இருக்கறவளுக்கு நாக்கு ஊறலாமா? முருகனுக்குத் தெரியாமப் போகுமா?"

"பைத்தியக்காரி மாதிரிப் பேசாத. டாக்டர்தான் முன்னாடியே சொன்னாருல்ல," என்று அதட்டினேன்.

"உங்களுக்குத் தெரியாதுக்கா. குடம் தூக்கறப்பக் கால் வலிக்குதேன்னும் நெனச்சேன். எம்புட்டுக் கேவலமானவ நான்!"

கலாதேவி என்னைப் பார்த்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுத் தங்கையின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நீ இல்லடி. விரதத்தக் கெடுத்தது நான்," என்றாள். கருவாட்டுப் பை, மழை, மூலையில் இருந்த தலை, எல்லாவற்றையும் சொன்னாள். டின்னில் போட்டது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. தான்தான் மாற்றிப் போட்டதாகச் சொன்னாள்.

சரளா நிமிர்ந்து அக்காளைப் பார்த்தாள். அறைவாள் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன்.

"அப்ப... நான் இல்லையாக்கா?"

"நீ இல்லடி."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அழுது ஓய்ந்ததும், "பசிக்குதுக்கா," என்றாள். கலாதேவி தூக்கைத் திறந்து பரிமாறினாள். ரசத்தைப் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றாள் சரளா. இன்னும் கொஞ்சம் என்று வாங்கித் தின்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் கலாதேவி தட்டுக்குக் கை நீட்டினாள். சரளா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. நீ கழுவ வேணாம்," என்றாள், அக்காளின் முகத்தைப் பார்க்காமல். "இனிமே சோறும் கொண்டார வேணாம்."