கோயில் மாடும் கொழுக்கட்டைப் புல்லும்

ஐப்பசி மழைக்குப் பின் ஒரு காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது, வேலிக்குள் கோயில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தின் மேய்ச்சல் புறம்போக்கு அது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. மண் இறுகி, ஆவாரையைத் தவிர வேறெதுவும் மிஞ்சாதிருந்த நிலத்தைப் புல்வெளியாக மீட்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. சரிவை மறித்து வரப்புகள் போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் என்னும் தீவனச் செடியும் விதைத்திருந்தோம். புல் முற்றி விதை உதிரும்வரை ஒரு மாடும் உள்ளே வரக் கூடாதென்பது ஊர்க்கூட்டத்தின் முடிவு. இளம்புல்லை இந்த ஒரு பருவம் மாடுகள் மேய்ந்துவிட்டால், மறுபடி விதைக்க வழியில்லை.

காவலுக்கு இருந்த ஒச்சு, வேலி வாசலின் முள் படலைச் சாத்தக்கூட இல்லை.

"யாருண்ணே திறந்துவிட்டது?"

"நாந்தேன் மேடம். கொம்ப வச்சு முட்டிக்கிட்டே நிக்கிது. சாமி மாட்ட வெரட்டுனேன்னு தெரிஞ்சா எம் பொண்டாட்டி சோறு போடுவாளா?"

சற்று நேரத்தில் மாட்டுக்காரர்கள் படலருகே கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் பேச்சியம்மாள். மூன்று பசு வைத்திருப்பவர். வேலி போட்ட நாளிலிருந்தே எதிர்ப்பவர்.

"சாமி மாட்டுக்கு ஒரு சட்டம், எங்க மாட்டுக்கு ஒரு சட்டமா? அத வெளிய பத்துங்க. இல்ல, எங்களயும் விடுங்க."

"நீங்களே பத்துங்க பேச்சியக்கா," என்றார் ஒச்சு.

"ஏன், அந்தப் பாவத்த நாங் கட்டிக்கிறவா?"

ஒருவரும் அசையவில்லை. மாடு நிதானமாக மேய்ந்தது.

"இது தினமும் என்னதான் தின்னும், அக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்தத் திங்கும்? பஸ் ஸ்டாப் செவத்துல போஸ்டரத் திங்கிது. பசை ஒட்டியிருக்குல்ல."

சொல்லும்போதே அவர் குரல் சற்று இறங்கியது. நான் மெல்லக் கேட்டேன்: "வெரட்டக் கூடாது, சரி. கூப்பிடலாமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய், தம் பசுக்களுக்கென்று தவிடு கலந்து வைத்திருந்த கழுநீர் வாளியோடு திரும்பி, அதன் விளிம்பைத் தட்டினார். மாடு தலையைத் தூக்கியது. வாளியின் பின்னாலேயே படலைத் தாண்டி வந்தது. ஒச்சு ஓடிப்போய்ப் படலைச் சாத்தினார்.

ஒருவர் மட்டும், "அப்ப எங்க மாடு?" என்று முனகினார்.

பேச்சியம்மாள் திரும்பினார். "சாமியே வெளிய நிக்கிது. ஒம் மாடு என்ன சாமிக்கும் மேலயா? பத்திக்கிட்டுப் போய்யா!"

அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கோயில் மாட்டுக்குக் கழுநீர் வைத்தார்கள். வேலி நின்றது.

தையில் விதை உதிர்ந்தபின் பெண்கள் அரிவாளோடு இறங்கினார்கள். அறுத்த முதல் புல்கட்டைக் கோயில் மாட்டின் முன் போட்டோம். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் பேச்சியம்மாள் வீட்டு வாசலுக்கு நடந்தது.

"ஏ சாமி, இம்புட்டுப் புல்லுக் கெடக்கு, கழனித்தண்ணிக்கு வந்து நிக்கிறியே!" என்று வைதுகொண்டே அவர் வாளியை எடுக்கப் போனார்.

பின்னர் நான் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம், வேலிக்குக் கல் ஊன்றுமுன், அந்தப் பருவம் முழுவதும் வெளியே நிற்கப்போகும் மாடு எதைத் தின்னும் என்பதையே முதலில் கேட்டேன்.