கணித்துச் சொன்ன பற்கள்

பல் டாக்டராக இருந்த காலத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கணிச்சுப் பார்த்துதான் சொல்ல முடியும். பிள்ளையோட விவரமெல்லாம் கொண்டு வாங்க" என்று ஒரு தாயிடம் சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் அவர் மகளையும், கூடவே மகளின் ஜாதகத்தையும் கொண்டுவந்தார்.

அது எண்பதுகளின் தொடக்கம். தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் மாடியில் என் கிளினிக். அந்த அக்காவுக்குக் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. அரைநாள் லீவு போட்டு ஃபெர்ரியில் வந்திருந்தார். "பொறந்த நேரம், நட்சத்திரம் எல்லாம் சரியா இருக்கு டாக்டர்" என்று மஞ்சள் தடவிய நோட்டை நீட்டினார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் சொன்ன கணிப்பு வேறு. எட்டு, ஒன்பது வயதில் கீழே முன்பற்கள் நான்கும் முளைத்திருக்கும். பக்கத்துப் பற்கள் இன்னும் ஈறுக்குள் இருக்கும். முளைத்த நான்கின் அகலத்தைக் கவராயத்தால் அளந்து கூட்டி, அட்டவணையைப் பார்த்தால் முளைக்காதவற்றின் அகலம் கிடைக்கும். தாடையில் இடம் போதாதென்றால், நல்ல பற்கள் நான்கை எடுத்து மற்றவற்றுக்கு வழிவிட வேண்டும். கண்ணால் காணாத பல்லுக்கு அளவு சொல்வதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த வருடம் இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கணித்தேன். ஒருத்தி அவர் மகள், இன்னொருத்தி என் மகள். இருவருக்கும் இடம் போதாது என்றே வந்தது.

"நாலு பல்ல எடுக்கணும்" என்றேன்.

அக்கா அட்டவணையை எட்டிப் பார்த்தார். "இது யாரு பிள்ளைங்கள அளந்து எழுதினது டாக்டர்?"

"வெள்ளைக்காரப் பிள்ளைங்கள."

"நம்ம பிள்ளைங்க யாரும் இல்லையா?"

"இல்லக்கா. பல் எல்லாருக்கும் பல்தானே."

அவர் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுலயாச்சும் இவ பேரு இருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்லா."

படிக்காத ஜனங்கள் என்று நர்ஸிடம் முணுமுணுத்தேன். என் வீட்டில் பொறுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை. மகளுக்கு முளைக்க முளைக்க நான்கு பற்களையும் நானே எடுத்தேன். "வலிக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

நான்கைந்து வருடம் கழித்து, ஒரு சொத்தைப் பல்லுக்காக அந்த அக்கா மகளை மறுபடி அழைத்துவந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். எல்லாப் பற்களும் வந்து, ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையாக நின்றன. கவராயத்தை எடுத்து அளந்தேன். அட்டவணை சொன்னதைவிடச் சிறியவை. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை அளந்தேன்.

"ஏன் டாக்டர், ஏதாச்சும் கோளாறா?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கு."

பக்கத்து அறையில் என் மகள் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், வாயில் கம்பியோடு. இடம் இல்லையென்று நான் பல் எடுத்த வாயில் இப்போது இடம் மிஞ்சிக் கிடந்தது. அதை மூடத்தான் கம்பி. எனக்கு வெட்கமாக இருந்தது.

யாருடைய பிள்ளைகளை அளந்து எழுதியது என்று என் மகளுக்காகக் கேட்கவும் ஓர் அம்மா வேண்டியிருந்தது. நான் அன்றைக்கு டாக்டராக இருந்தேன்.