சீல் வைத்த எஞ்சின்

அணைத்து வைத்த எஞ்சின்மேல் நீளத் திருப்புளியை ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் அப்துல் மஜீது. ஓடுகிற எஞ்சினை இப்படிக் கேட்காத மெக்கானிக் கிடையாது. ஆறிக் குளிர்ந்ததைக் கேட்கிறவர் சங்கரன்கோவிலில் இவர் ஒருவர்தான்.

"ஓடும்போது சும்மா கத்தும்வே. நின்ன பெறகுதான் உண்மையச் சொல்லும்" என்பார்.

மேலநீலிதநல்லூர் மூக்காண்டியின் பம்புசெட் எஞ்சினைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு இதச் சுத்தாதேயும்" என்றார். மூக்காண்டி சிரித்துக்கொண்டே சுற்றினார். ஹேண்டில் திருப்பி அடித்து இரண்டு விரல் போயிற்று. அதிலிருந்து இவர் பட்டறை வாசலில் நின்று இருமக்கூட ஆட்களுக்குப் பயம். நெஞ்சில் திருப்புளியை வைத்துவிட்டால்?

தம்பி ஆதம் பந்தயக் கார் ஓட்டுகிறவன். நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு, ஒருவர் மட்டும் உட்காரும் கார். மாமியார் மனசுபோல அதற்கு வருஷத்துக்கு ஒரு சட்டம். போன வருஷம் ஆயிரத்து ஐந்நூறு சி.சி. வரை சரி, இந்த எண்பத்திரண்டில் ஆயிரத்து முந்நூறைத் தாண்டக் கூடாதாம். "சட்டம் போடுதவன் கையில கிரீஸா படுது?" என்று முனகியபடி மஜீது சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற உள்குழாயை இறக்கி எஞ்சினைச் சிறிதாக்கினார். மெட்ராஸில் பந்தயக் கமிட்டிக்காரர்கள் அளந்து பார்த்து, கம்பி கோத்து ஈய சீல் அடித்து அனுப்பினார்கள். சீல் உடைந்த வண்டியைப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். அதுவும் புதுச் சட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். புதன்கிழமை மத்தியானம் காரை ஏற்றிப்போக லாரி வந்தது. கடைசியாக ஒரு தடவை காதை வைத்த மஜீது நகரவில்லை. மூன்று நாளாக ஓடாத எஞ்சினுக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டுகிறார்கள். இரண்டு தட்டு. சற்று நிறுத்தம். பிறகு ஒன்று.

"ஏலே, உள்ள தட்டுது. தொறந்து பாக்கணும்."

"சீலத் தொட்டா எல்லாம் போச்சுண்ணே! அடுத்த வருஷம் இந்த எஞ்சினே செல்லாதுங்கான். எனக்கு இது ஒண்ணுதாம்ணே இருக்கு."

மஜீதுக்கும் தம்பி ஒருவன்தான். அத்தா இறந்தபின் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"அப்ப நீயே கேளு" என்று திருப்புளியை நீட்டினார்.

ஆதம் சிரித்தபடி குனிந்தான். வெகுநேரம் கேட்டான். சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை.

"ஒண்ணும் கேக்கலண்ணே" என்றான் நிமிராமலே.

ஆனால் கார்த் தகரத்தில் ஊன்றியிருந்த அவன் இடது கை, அவனை அறியாமலே, விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு. சற்று நிறுத்தம். பிறகு ஒன்று.

மஜீது கட்டரை எடுத்து, சீல் கம்பியை நறுக்கினார்.