சரம் பின்னிய கை

மாரிசெல்விக்கு மீன் குழம்பு அவ்வளவாகப் பிடிக்காது. விரால் பிடிப்பதென்றால்தான் உயிர். அதுவும் புழு கோத்து அல்ல. சேவல் இறகையும் ஆட்டு முடியையும் தூண்டில் முள்ளில் இறுக்கிக் கட்டி, அதுதான் தவளை என்று விராலையே நம்பவைத்துப் பிடிக்க வேண்டும்.

பதினாறு வருடம் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவள். சரவெடிக்குத் தடை வந்தபின் சாபிர் பாயின் காலண்டர் அச்சகத்துக்கு வேலைக்குப் போனாள். அவர் ஆசைப்பட்டு வாங்கி, வீசத் தெரியாமல் மூலையில் போட்டிருந்த வெளிநாட்டுத் தூண்டில் கம்பை, "நீயாவது வீசிப் பாரும்மா" என்று கொடுத்துவிட்டார். கனத்த நூலைத் தலைக்குப் பின்னால் நீள விட்டு, பிறகு முன்னால் வீச வேண்டும். செல்போனில் பார்த்துப் பார்த்து மொட்டை மாடியில் ஒரு மாதம் பழகினாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறென்ன வேலை?

அவள் வீசப் போன ஊர்க் கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்திருந்த அய்யாதுரைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பொம்பளைக்குக் கண்மாக்கரையில என்ன சோலி? நாளையில இருந்து வராத."

"ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் விடுங்க அண்ணாச்சி. வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு விரால் பிடிச்சா, இந்த சீசன் பூரா இங்கன நிப்பேன். பிடிக்கலைன்னா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டேன்."

"இறகைக் காட்டியா? பிடி, பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் கரையில் நின்றது. அல்லி இலைக்கு அடியிலிருந்து ஒரு விரால் பாய்ந்தது. "சுண்டு, சுண்டு!" என்று எல்லோரும் கத்த, அவளும் வெடுக்கென்று சுண்டினாள். முள் வெறுமனே வந்து காலடியில் விழுந்தது. அய்யாதுரை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது. எதையும் வெடுக்கென்று இழுக்காதே, உரசாதே என்பது வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கை படித்த பாடம். இவர்கள் கத்தினார்கள் என்று அதை மறந்தாளே!

மறுபடி வீசினாள். வெயில் ஏறக் கொஞ்ச நேரமே இருந்தபோது தண்ணீர் குபீரென்று கிளம்பியது.

"சுண்டு தாயி!"

கை அசையவில்லை. பொய்த் தவளையைக் கவ்விய விரால் அடியில் திரும்பட்டும், முள் வாயில் ஏறட்டும் என்று பொறுத்தாள். நூல் தானாக இறுகியது. அப்போதுதான் இழுத்தாள். கம்பு வளைந்தது, நூல் விரலை அறுத்தது, அவள் விடவில்லை. கரையேறிய விரால் மூன்று கிலோவுக்குக் குறையாது.

"குருட்டடி. ஒண்ணு பிடிச்சா ஆச்சா?" என்றார் அய்யாதுரை.

மாரிசெல்வி விராலைத் தூக்கி அவர் காலடியில் போட்டாள்.

"மீனு உங்க கண்மாய் மீனு, கொண்டு போங்க. ஆனா பேசுன பேச்சு பேச்சுதான்."

ஈர இறகை ஊதி நிமிர்த்திவிட்டு, கம்பை எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. நூலு பின்னால வரும்."

அய்யாதுரை தள்ளி நின்றார்.